தொடாத வரை சும்மா இருக்கும் கல்

2020-ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்கள், அமெரிக்காவின் சான் டியாகோ மாநகராட்சி ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 18,000 டாலர் வாடகை கட்டிவந்தது. ஜனவரி நடுவிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஓர் ஊழியர்கூட இல்லை. ஊரின் மையத்தில் ஏறத்தாழ இருபது மாடி உயரம். கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த தளங்கள். ஆனால் உள்ளே போய் உட்கார முடியாது. கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே அரை நூற்றாண்டாக அசையாமல் கிடந்த ஒரு கல், புதுப்பிக்கும் வேலையின்போது தூசியாகக் கிளம்பிவிட்டது. அந்தக் கல்லுக்குக் கல்நார் என்று பெயர். நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆஷ் தெரு, எண் 101. இதுதான் அந்தக் கட்டடத்தின் முகவரி. 1960-களின் பிற்பகுதியில் எழும்பியது. சான் டியாகோவுக்கு மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனத்துக்கும், பின்னாளில் அதன் தாய் நிறுவனமான செம்ப்ரா எனர்ஜிக்கும் தலைமையகமாக இருந்தது. 2015-இல் செம்ப்ரா வேறு கட்டடத்துக்குக் குடிபோனதும் இது காலியானது. மாநகராட்சியின் அலுவலகங்களோ பழசாகி, இடமும் போதாமல் தவித்துக்கொண்டிருந்தன. இதைக் குத்தகைக்கு எடுக்க 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தந்தது; 2017 ஜனவரியில் சிஸ்டெரா என்ற கட்டுமான முதலீட்டு நிறுவனத்துடன் குத்தகை கையெழுத்தானது. 20 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 5.35 லட்சம் டாலர் வாடகை. கெடு முடிந்ததும் கட்டடம் மாநகராட்சிக்கே சொந்தம். பழுதும் பராமரிப்பும் முதல் நாளிலிருந்தே மாநகராட்சியின் தலையில். கட்டடத்தை உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிவிட வேண்டியதுதானே, எதற்கு வாடகை? கலிஃபோர்னியாவின் அரசியலமைப்பில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு நகராட்சி தன் ஆண்டு வருவாயை மீறி நீண்ட காலக் கடன் வாங்க வேண்டுமானால், வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். குத்தகை வாடகை இந்தக் கணக்கில் கடனாகாது. இந்த மாதம் கட்டடத்தைப் பயன்படுத்தினோம், இந்த மாத வாடகையைக் கட்டினோம் என்றே நீதிமன்றங்கள் அதைப் பார்த்து வந்திருக்கின்றன. அதனால் நகராட்சிகளுக்குக் குத்தகை வசதியான வழி. ஆனால் அந்தத் தர்க்கத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கட்டடம் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். பயன்படாத கட்டடத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருந்தால் அது கடனைத் தவிர வேறென்ன? பின்னாளில் இந்தக் கேள்வியும் நீதிமன்றம் ஏறியது.

காகிதக் கணக்கையும் பார்த்துவிடலாம். மாதம் 5.35 லட்சம் வீதம் 240 மாதங்கள் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 13 கோடி டாலர். சிஸ்டெரா அந்தக் கட்டடத்தை வாங்கியதோ சுமார் 7.25 கோடிக்கு. இரட்டிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கோபம் வரும். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்துத் தரப்போகும் டாலரும் இன்றைய டாலரும் ஒன்றல்ல. ஆண்டுக்கு 4 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு அந்த 240 தவணைகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 8.8 கோடி வருகிறது. 6 சதவீதம் என்றால் 7.5 கோடிதான். ஆக, வாடகைக் கணக்கு மட்டும் அந்த நகரத்தை மூழ்கடிக்கவில்லை. கணக்கில் ஏறாத ஒரு பொருள்தான் மூழ்கடித்தது.

ஒப்பந்தத்துக்கு முன் மன்றத்துக்குச் சொல்லப்பட்ட உடனடிப் பராமரிப்பு வேலை, வெளிச்சுவரை நீரடித்துக் கழுவுவது. அதற்கு 10,000 டாலர். மாநகராட்சி தன் பொறுப்பில் தனியாகப் பொறியாளர்களை அனுப்பிக் கட்டடத்தின் உட்புறத்தைச் சோதிக்கவே இல்லை என்பதை அதன் தணிக்கையாளரே 2021-இல் எழுதினார். கட்டடம் பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. கல்நார் இருக்கும் கட்டடம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அது அங்கே எப்படி வந்தது என்பதற்கு எஃகின் பலவீனம்தான் காரணம். இருபது மாடியைத் தாங்கும் எஃகு, சூட்டில் உருகுவதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். 550 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதன் வலிமையில் ஏறக்குறைய பாதி போய்விடும். மேசையும் காகிதமும் கம்பளமும் எரியும் அலுவலகத் தீயில் வெப்பம் 1,000 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மேலுறை இல்லாத உத்தரம் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் வளையத் தொடங்கலாம். காங்கிரீட்டில் பொதிந்தால் எஃகு பிழைக்கும், ஆனால் கட்டடத்தின் எடை கூடும், செலவும் கூடும். 1950-களிலும் 60-களிலும் கட்டுமானத் துறை கண்டுபிடித்த மலிவான வழி, கல்நார் இழையையும் ஒட்டுப்பொருளையும் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே உத்தரங்களின்மேல் பீய்ச்சி அடிப்பது. பஞ்சுபோலப் படிந்து காய்ந்துவிடும். வேலை வேகமாக முடியும். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளங்களிலும் இதைத்தான் அடித்தார்கள்; அந்த நகரத்தின் தடை வரப்போவதை எதிர்பார்த்து 1970-இல் பாதியில் நிறுத்தினார்கள். 1973-இல் அமெரிக்கா முழுவதும் இந்தப் பீய்ச்சும் முறை தடை செய்யப்பட்டது. ஆஷ் தெருக் கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழும்பிவிட்டது.

கல்லில் எப்படி இழை வரும்? கல்நார் என்பது ஒரே கனிமம் அல்ல, ஆறு கனிமங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். உலகம் பயன்படுத்தியதில் மிகப் பெரும்பகுதி வெள்ளைக் கல்நாரான கிரைசோடைல். அது மெக்னீசியமும் சிலிக்காவும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சாதாரணப் பாறைப்பொருள்தான். அதன் அணுக்கள் இரண்டு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அமைகின்றன: ஒன்று சிலிக்கா அடுக்கு, மற்றது மெக்னீசிய அடுக்கு. இரண்டும் ஒரே அளவில் இல்லை. மெக்னீசிய அடுக்கு கொஞ்சம் பெரியது. பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாள்களில் ஒன்று பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு முகம் மட்டும் வெயிலில் காய்ந்த ஓலையைப் போலச் சுருளும். அளவு பொருந்தாத அடுக்குகள் இப்படி வளையத்தான் செய்யும் என்று வேதியியலாளர் லினஸ் பாலிங் 1930-லேயே ஊகித்துச் சொன்னார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு பார்த்தால், கிரைசோடைலின் ஒவ்வொரு நுண்ணிழையும் உள்ளே பொள்ளலான ஒரு குழாய். தடிமன் சுமார் 25 நானோமீட்டர். தலைமுடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு.

இப்படிப்பட்ட கோடானுகோடி குழாய்கள் கட்டுக்கட்டாக நிற்பதால்தான் அந்தப் பாறையைப் பிய்த்தால் நார் நாராக வருகிறது. நூற்கலாம், நெய்யலாம், தீயில் போட்டாலும் எரியாது. தீயில் போட்டு வெளுக்கும் துணியைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அது நெருப்பில் வாழும் ஒரு பிராணியின் உரோமம் என்று ஐரோப்பாவில் பரவியிருந்த கதையை மறுத்து, மலையில் வெட்டியெடுக்கும் பொருள் என்று சரியாகவே சொன்னார். அமிலத்துக்கு ஓரளவும் காரத்துக்கு நன்றாகவும் தாங்கும், மின்சாரம் கடத்தாது, மட்காது, விலையும் மலிவு. பொறியாளர்கள் இதன்மேல் ஆசைப்பட்டதில் வியப்பே இல்லை.

ஆனால் அந்த மெல்லிய தன்மைதான் ஆளைக் கொல்லவும் செய்கிறது. கல்நார் கட்டு உடையும்போது மற்றக் கற்களைப் போல மணலாக நொறுங்காது; நீளவாக்கில் பிளந்து இன்னும் மெல்லிய இழைகளாகும். ஐந்து மைக்ரோமீட்டர் நீளமுள்ள நுண்ணிழைகளாக ஒரே ஒரு கிராமை முழுதாகப் பிரிக்க முடிந்தால், ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினாலும் அந்த எண்ணிக்கைக்குக் குறைவாகத்தான் இருக்கும். இவ்வளவு மெல்லிய பொருள் காற்றில் சீக்கிரம் கீழே விழாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது.

மூச்சோடு போன இழை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் விழுங்கணுக்கள் அதைச் சுற்றி வளைத்து விழுங்கப் பார்க்கும். விழுங்கணுவின் அகலம் 15, 20 மைக்ரோமீட்டர். இழை அதைவிட நீளம் என்றால், பாதியை விழுங்கிவிட்டு மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்த அணு திணறும். கரைப்பதற்காகச் சுரக்கும் அரிப்புப் பொருள்கள் வெளியே ஒழுகி அக்கம்பக்கத்துத் திசுக்களைப் புண்ணாக்கும். அணு செத்துப்போகும், இழை அப்படியே இருக்கும், அடுத்த அணு வரும். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும். தழும்பேறி நுரையீரல் இறுகுவது ஒரு வகை நோய். நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. இவை தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் ஆலையில் வேலைபார்த்த நெல்லி கெர்ஷா இறந்தது 1924-இல். அவரது நுரையீரலில் கண்டதை மருத்துவர் வில்லியம் குக் அந்த ஆண்டே மருத்துவ இதழில் எழுதினார். கல்நார்ச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர்களிடம் மீசோதீலியோமாவைக் கண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து மருத்துவ ஆய்வாளர் வாக்னரும் குழுவும் எழுதியது 1960-இல். ஆஷ் தெருக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே இதெல்லாம் அச்சில் இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனம் வலிப்பது இந்த இடம்தான்.

அமெரிக்காவில் பணியிடத்துக்கான சட்ட வரம்பு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழை. மிகக் குறைவாகத் தோன்றும். ஒரு கன மீட்டருக்கு அது ஒரு லட்சம் இழை. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுப்பார் என்றால், சட்டத்துக்கு உட்பட்டே பத்து லட்சம் இழைகள் உள்ளே போகும். இந்த அளவு ஆபத்தே இல்லாதது என்று சட்டமும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் உத்தரத்தில் ஒட்டியபடி அசையாமல் கிடக்கும் கல்நார் யாரையும் ஒன்றும் செய்யாது. அதனாலேயே கல்நார் இருக்கும் கட்டடத்தில் அலுவலகம் நடத்துவதைச் சட்டம் தடுப்பதில்லை. செம்ப்ரா ஊழியர்கள் பல பத்தாண்டுகள் அங்கே வேலை பார்த்தார்கள். தொடும்போதுதான் செலவு பிறக்கிறது. ஒரு மின்கம்பியை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக மேலிருந்து உதிர்ந்த பஞ்சு அந்தப் பலகையின் முதுகில் படிந்திருக்கும். தூக்கிய கணமே அது கிளம்பும். கம்பியைத் தாங்க உத்தரத்தில் ஒரு கொக்கி மாட்டப் பூச்சைச் சுரண்டினால் இன்னும் கிளம்பும். அக்காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் ஏசியின் திரும்புகாற்று போகும் பாதையே அந்த இடைவெளிதான். ஒரு மூலையில் கிளம்பியது தளம் முழுக்கப் போகும். லிஃப்ட் கூண்டுகளும் குழாய்ச் சந்துகளும் உயரமான கட்டடத்தில் புகைபோக்கிபோல் காற்றை இழுப்பதால் அடுத்த தளத்துக்கும் போகும்.

சான் டியாகோ செய்தது சின்ன மராமத்து அல்ல. கூடுதல் ஊழியர்களை உட்காரவைக்கத் தளங்களையே மாற்றி அமைத்தார்கள். உள்வேலைக்கென்று முதலில் பேசிய தொகை 50 லட்சம் டாலர். அது வளர்ந்து 3 கோடியை எட்டியது. 2019 இறுதியில் ஊழியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். அதற்குள்ளேயே காற்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கல்நார் விதிமீறல்களைக் கண்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். 2020 ஜனவரியில் எல்லோரையும் வெளியேற்றிக் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதாயிற்று. சரிசெய்ய என்ன ஆகும் என்று ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தைக் கேட்டார்கள். 10 கோடி டாலரைத் தாண்டும் என்று பதில் வந்தது. கட்டடத்தின் விலையைவிட அதிகம்.

ஏன் அவ்வளவு? கல்நார் அகற்றும் இடத்தை நேரில் பார்த்தால் புரியும். வேலை நடக்கும் பகுதியை இரண்டு அடுக்குப் பாலித்தீன் தாளால் மூடி, விளிம்பெல்லாம் நாடா ஒட்டி அடைக்கிறார்கள். உள்ளேயிருக்கும் காற்றை விசிறிகள் இடைவிடாமல் உறிஞ்சி வடிகட்டி வெளியேற்றுகின்றன. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், எங்காவது சிறு கிழிசல் இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். தொழிலாளர் முழு உடல் உறையும் முகக்கவசமும் அணிந்து, பூச்சை நனைத்து நனைத்துச் சுரண்டுகிறார். வெளியே வரும்போது ஓர் அறையில் உறையைக் கழற்றி, அடுத்த அறையில் குளித்து, மூன்றாவது அறையில் உடை மாற்றுகிறார். கழிவு இரட்டைப் பையில் முத்திரையிட்டுத் தனிக் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. கடைசியில் காற்றை வடிதாளில் இழுத்து, நுண்ணோக்கியில் இழைகளை எண்ணி, வரம்புக்குள் வந்த பிறகே தாளைப் பிரிக்கலாம். இத்தனையும் ஒரு தளத்துக்கு. பூச்சைச் சுரண்டிய பிறகு உத்தரம் அம்மணமாக நிற்கும். அதற்குப் புதிய தீக்காப்பு அடிக்க வேண்டும்.

இதற்கிடையே கட்டுமானப் பொருள்களின் விலையும் எகிறியது. 2020 நடுவில் டன் 500 டாலருக்குள் இருந்த எஃகுத் தகடு, அமெரிக்கச் சந்தையில் 2021 செப்டம்பரில் 1,900 டாலரைத் தாண்டியது. மரத்தின் விலையும் ஏறி இறங்கிக் கலங்கடித்தது. பழுது பார்ப்பதா, திருப்பிக் கொடுப்பதா, இடிப்பதா என்று யோசிக்க யோசிக்க, ஒவ்வொரு வழியின் விலையும் கூடிக்கொண்டே போனது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி வாடகையை நிறுத்தியது. வழக்குகள் குவிந்தன. நகருக்கு ஊதியமின்றி ஆலோசனை சொல்லிவந்த மனை ஆலோசகர் ஒருவர், இந்தக் குத்தகையிலும் இன்னொரு கட்டடத்தின் குத்தகையிலும் சிஸ்டெராவிடமிருந்து 94 லட்சம் டாலர் பெற்றிருந்தது வெளியே வந்தது. 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர இசைந்தார். 2022 ஜூலையில் மன்றம் சமரசத்துக்கு வந்து, ஆஷ் தெருக் கட்டடத்தைச் சுமார் 8.6 கோடி டாலருக்கு முழுதாக வாங்கிக்கொண்டது. நகர வழக்கறிஞர் அந்தச் சமரசத்தை எதிர்த்தார். 2025-இல் மன்றம் வேறொரு முடிவெடுத்தது: கட்டடத்தைத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, அவர்களைக் கொண்டே குறைந்த வாடகைக் குடியிருப்புகளாக மாற்றுவது, ஏறத்தாழ 250 வீடுகள். அதற்கும் முதல் வேலை கல்நாரை அகற்றுவதுதான்.

சொந்த ஆதாயமும் அலட்சியமும் இந்தக் கதையில் இருக்கின்றன, அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யாரும் தவறே செய்யாமல் இருந்திருந்தாலும், ஒரு துண்டுப் பூச்சைச் சுரண்டிச் சோதிக்காமல் போட்ட குத்தகை இதே இடத்தில்தான் வந்து முட்டியிருக்கும். அந்தச் சோதனை பெரிய வித்தையல்ல. நகக்கண் அளவு துணுக்கை எடுத்து, முனைவாக்கிய ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் வைத்தால், கல்நார் இழை தனக்கே உரிய நிறங்களால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தளவாரியாக வரைபடம் போட்ட பிறகுதான் மராமத்துச் செலவு என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும்.

2024 மார்ச்சில் அமெரிக்கா கிரைசோடைலையும் தடை செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கல்நார் தடை இருக்கிறது. இந்தியாவில் சுரங்கம் நின்றுபோயிற்று, இறக்குமதி நிற்கவில்லை. அது பெரும்பாலும் சிமெண்டோடு சேர்ந்து நம் தலைக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக வருகிறது. ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். சிமெண்ட் அதை இறுகப் பிடித்துவைத்திருப்பதால் முழு ஷீட் பெரிய ஆபத்தல்ல. மழையிலும் வெயிலிலும் மேற்பரப்பு அரித்த பழைய ஷீட்டும், உடைத்த ஷீட்டும், மெஷினால் அறுத்த ஷீட்டும் வேறு கதை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய அரசுக் கட்டடத்தையோ பள்ளியையோ புதுப்பிக்க டெண்டர் விடுகிறார்கள் என்றால், கல்நார் சோதனை செய்தீர்களா என்று எழுதிக் கேளுங்கள். வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஃபேன் மாட்டவோ டிஷ் பொருத்தவோ துளை போடும்போது ஷீட்டை முதலில் நன்றாக நனையுங்கள். கிரைண்டர் வேண்டாம், கையால் இயக்கும் கருவி போதும். உடைந்த துண்டைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துத் தடித்த பாலித்தீன் பையில் கட்டுங்கள். துணிக்கவசம் இந்த இழையைத் தடுக்காது. நுண்துகளை வடிகட்டும் நல்ல முகக்கவசத்தை வேலை செய்பவருக்கு வாங்கிக் கொடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.